கருத்துக் கேட்பு என்னும் காதுகுத்து

உங்கள் வீட்டுக்குப் பின்னால் பதினெட்டு மாடி வரப்போகிறது என்பதை அரசாங்கம் உங்களுக்குச் சொல்லிவிட்டது. நீங்கள்தான் கவனிக்கவில்லை.

நாளிதழின் உள்பக்கத்தில், டெண்டர் அறிவிப்புக்குக் கீழே, ‘அசல் பத்திரம் தொலைந்துவிட்டது’ விளம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்ததே? கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்து. அதுதான். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண், மொத்தப் பரப்பு. விவசாய உபயோகப் பகுதியிலிருந்து குடியிருப்பு உபயோகப் பகுதியாக மாற்ற உத்தேசம். ஆட்சேபணை இருந்தால் 21 நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். முடிந்தது.

தெருப் பெயர் இல்லை. வரைபடம் இல்லை. எத்தனை மாடி, எத்தனை வீடு, எத்தனை கார், தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எந்த வாய்க்காலில் விழும், ஒன்றும் இல்லை. உங்கள் சொந்த வீட்டின் புல எண்ணே உங்களுக்குத் தெரியாது. பத்திரம் பேங்க்கில் கடனுக்கு ஜாமீனாகக் கிடக்கிறது. இந்த லட்சணத்தில் பக்கத்து மனையின் உட்பிரிவு எண் உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது நிர்வாகம். எவ்வளவு மரியாதை பாருங்கள் குடிமக்கள் மேல்!

சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022-இல் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். அறிவிப்புக் கட்டம் மட்டும் விரியவில்லை.

அந்தக் கட்டமும் நில உபயோகம் மாறும்போதுதான். ஏற்கெனவே மாஸ்டர் பிளானில் ‘குடியிருப்பு’ என்று நிறம் பூசிய இடமென்றால் அதுவும் கிடையாது. நேராக பிளான், நேராக அப்ரூவல், நேராக பூமி பூஜை. ஒரு நாள் காலை தகரம் அடைத்திருப்பார்கள். மறுநாள் போர்வெல் வண்டி நிற்கும். அதற்கு மறுநாள் உங்கள் போரில் காற்று வரும்.

சுற்றுச்சூழல் அனுமதி என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் முன் அனுமதி வாங்கச் சொல்கிறது. 1,50,000-ஐத் தொட்டால் டவுன்ஷிப் வகையில் சேர்க்கிறது. அதே அறிவிக்கை, இன்னொரு பத்தியில், இந்த இரண்டு வகைக்கும் மக்கள் கருத்துக் கேட்பு வேண்டாம் என்று விலக்கும் கொடுத்துவிடுகிறது. அனல்மின் நிலையம் வந்தால் பந்தல், மேடை, மைக், வீடியோப் பதிவு எல்லாம் உண்டு. பெரிய சுரங்கம் வெட்டினாலும் உண்டு. ஆயிரம் குடும்பம் குடிவரப்போகும் கட்டடத்துக்கு மட்டும் பக்கத்தில் குடியிருப்பவனைக் கேட்க வேண்டியதில்லை. நியாயம்தானே? சுரங்கத்தில் மக்கள் குடியிருக்க மாட்டார்கள், அதனால் மக்களைக் கேட்கலாம். அடுக்குமாடியில் மக்கள் குடியிருப்பார்கள். மக்கள் விஷயத்தில் மக்களுக்கு என்ன வேலை?

ஆக, கேட்க வேண்டியவர்கள் கேட்காததால், பொழுது போகாத நாலு பேர் கிளம்ப வேண்டியிருக்கிறது. ‘பொழுது போகாத’ என்பது நான் சொல்வதல்ல. அலுவலகங்களில் அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர்.

தென்சென்னைப் புறநகரில் ஒரு பகுதி. பெயர் வேண்டாம், உங்கள் பகுதியின் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள், சரியாகவே இருக்கும். மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற ஒருவர். டியூஷன் எடுக்கும் டீச்சர். மாவு மில்காரர். கட்டடக் கலை படிக்கும் ஒரு பெண். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையார் கோயில் வாசலில் ஒரு பிளாஸ்டிக் மேசை, மூன்று நாற்காலி. மேசைமேல் கிராம வரைபடத்தின் ஜெராக்ஸ். அந்தப் பெண் ஸ்கெட்ச் பேனாவால் கோயிலுக்குப் பச்சை, பால் பூத்துக்கு நீலம், தெருவுக்கு மஞ்சள் தீட்டியிருக்கிறாள். கட்டடம் வரப்போகிற இடத்துக்குச் சிவப்புக் கோடு. வருகிறவர்கள் வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கிறார்கள். புரியவில்லை. புல எண்ணைச் சொன்னால் இன்னும் புரியவில்லை. கடைசியில் தயிர் வாங்க வந்த ஓர் அம்மா விரலை வைத்துச் சொல்கிறார்: “அட, எருமை மேயுற இடம்டி இது!”

அவ்வளவுதான். கூட்டம் கூடிவிட்டது. அரசாங்கம் எட்டு வரியில் சொல்ல முடியாததை ஓர் எருமை சொல்லிவிட்டது.

அப்புறம் கேள்விகள். “கையெழுத்துப் போட்டா நம்ம வீட்டு பிளானைத் தோண்டுவாங்களா சார்?” பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பக்கவாட்டு இடைவெளியில் ஒரு குளியலறை, மொட்டைமாடியில் தகர ஷெட், வாசல்படி பாதி தெருவில். “நீங்க எந்தக் கட்சி மேடம்?” இதற்கு டீச்சர் எந்தப் பதில் சொன்னாலும் தப்பு. “பில்டர் கிட்ட பேசினா நம்ம தெருவுக்கு ஏதாச்சும் செய்வானா?” கேட்டவர் கோயில் கமிட்டி. “இதெல்லாம் நின்னுடுமா?” கேட்டவர் ஒரு கிழவர். பதிலை எதிர்பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவர் இந்த நாட்டை நன்றாக அறிந்தவர்.

ஒன்றைக் கவனியுங்கள். திட்டத்தைக் கண்டுபிடிப்பது, வரைபடம் வாங்குவது, விளக்குவது, கருத்தைத் திரட்டுவது, தமிழில் எழுதுவது, ஆங்கிலத்தில் எழுதுவது, நகல் எடுப்பது, தபால் செலவு. இவ்வளவும் அந்த நாலு பேர். இந்த வேலைக்கென்று சம்பளம், ஜீப், டிரைவர், குளிர்சாதன அறை, பஞ்சப்படி எல்லாம் வைத்து ஒரு நிர்வாகம் இருக்கிறது. அதன் வேலை, வந்த மனுவில் சீல் குத்துவது.

இங்கே நிறுத்தினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். நல்ல மக்கள், கெட்ட பில்டர், தூங்கும் அரசு. படம் சுபம். ஆனால் மன்னிக்கவும், அந்த மேசைக்கு இந்தப் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.

பூ விற்கும் ஒரு பெண் வந்தார். வரைபடத்தைச் சட்டென்று புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். தினமும் அந்த வழியாக நடக்கிறவர். பேனாவை எடுத்தார். அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் பக்கத்தில் நின்றிருந்தார். “நீங்க வாடகைதானே? ஓனர்ஸ் மட்டும் போடட்டும்மா. இல்லேன்னா வெயிட்டேஜ் குறைஞ்சுடும்” என்றார். அந்தப் பெண் பதினாறு வருஷமாக அந்தத் தெருவில் இருக்கிறார். செயலாளர் கிரகப்பிரவேசம் செய்து மூன்று வருஷம். அவருடைய ‘வெயிட்டேஜ்’ முன்னால் இருந்த வயலின் மேல் பதினான்கு மாடியாக நிற்கிறது. பால்கனியில் நின்று ‘நீர்நிலைகளைக் காப்போம்’ என்று வாட்ஸ்அப் குரூப்பில் எழுதுகிறவரும் அவர்தான். எந்த நீர்நிலை என்று கேட்காதீர்கள். காலடியில் இருக்கிறது.

டீச்சர் பேனாவைப் பிடுங்கிப் பூக்காரப் பெண்ணிடம் கொடுத்தார் என்று எழுத ஆசை. கொடுக்கவில்லை. சங்கம் பகைத்துக்கொண்டால் முந்நூறு கையெழுத்துப் போய்விடும். கணக்கு டீச்சர் கணக்குப் போட்டார்.

சங்கம் தயாரித்த ஆட்சேபணைப் பட்டியல் அதைவிட ருசி. முதலிடம் எதற்குத் தெரியுமா? வெள்ளத்துக்கு இல்லை. குடிநீருக்கு இல்லை. ‘புதிய திட்டத்தில் பொருளாதாரத்தில் பின்தங்கியோருக்கான வீடுகள் அமையக்கூடும், அதனால் இப்பகுதியின் பாதுகாப்பும் சொத்து மதிப்பும் பாதிக்கப்படும்.’ வெள்ளம் நான்காவது. ஏரி ஏழாவது. பார்க்கிங் மூன்று இடத்தில் வருகிறது.

கவலையே வேண்டாம், செயலாளர் சார். பில்டரும் உங்கள் கட்சிதான். பெரிய குடியிருப்புத் திட்டங்களில் பத்து சதவீதம் பின்தங்கியோருக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதிக்குப் பக்கத்திலேயே, ஒதுக்காமல் கட்டணம் கட்டிவிட்டுப் போகும் வழியும் இருக்கிறது. பூங்காவுக்கும் அப்படித்தான். திறந்தவெளிக்குப் பத்து சதவீதம் விட வேண்டும். மனை 10,000 சதுர மீட்டருக்குள் என்றால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டலாம். ஏழைக்கு வீடு செக்காகப் போகிறது. குழந்தைக்கு ஊஞ்சல் செக்காகப் போகிறது. ஆதரிக்கிறவரும் ஆட்சேபிக்கிறவரும் ஒரே வரியில் கைகுலுக்கிக்கொள்கிற ஊர் இது. சண்டையெல்லாம் அதற்கு மேற்பட்ட மாடிகளைப் பற்றித்தான்.

அப்படி ஒதுக்கப்படாத ஏழை எங்கே போகிறார்? கண்ணகி நகருக்கு. பெரும்பாக்கத்துக்கு. கண்ணகி நகரில் 15,000 வீடுகளுக்கு மேல். பெரும்பாக்கத்தில் 20,000 வீடுகளுக்கு மேல். கூவம் கரையிலிருந்தும் அடையாற்றின் கரையிலிருந்தும் மக்களை வாரிக்கொண்டு வந்து கொட்டிய வீடுகள். இவ்வளவு பெரிய குடியிருப்புத் திட்டத்துக்கு எத்தனை பேரிடம் கருத்துக் கேட்டார்கள்? பயோமெட்ரிக் கேட்டார்கள். ரேஷன் கார்டு கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்று கெஞ்சியவர்களை லாரியில் ஏறச் சொன்னார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றங்கரையில் இருந்தால் ஆபத்து என்று காப்பாற்றி, சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். தண்ணீரிலிருந்து காப்பாற்றித் தண்ணீரில் விடும் கருணை.

அவர்களுக்கு நாளிதழில் கட்டம்கூடப் போடவில்லை. நம் தெருவில் மேசை போட்ட தன்னார்வலர்களும் அந்தப் பக்கம் போகவில்லை. புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் 2021-இல் சுவரை விரலால் தொட்டால் சிமென்ட் உதிர்ந்தது. அந்த விரல்தான் அரசு குடியிருப்புத் திட்டங்களில் மக்கள் தெரிவித்த ஒரே கருத்து. அதையும் டி.வி.யில் காட்டிய பிறகுதான் ஐ.ஐ.டி.யைக் கூப்பிட்டார்கள்.

சரி, நம் மனுவுக்கு வருவோம். கொடுக்கிற இடம் எது? இதைக் கண்டுபிடிப்பதற்குள் பாதி நாள் ஓடிவிடும்.

“இது பெருநகர் வளர்ச்சிக் குழுமம் சார்.”

“ஏரிக்கரைன்னு எழுதியிருக்கீங்களே, நீர்வளத் துறை.”

“வாய்க்கால் வருதா? அது வருவாய்த் துறை. தாசில்தாரைப் பாருங்க.”

“தாசில்தார் மழைநீர் வடிகாலுக்கு எப்படி சார் பொறுப்பு? கார்ப்பரேஷன்.”

“கட்டட அனுமதி எங்க கையில இல்லை. வளர்ச்சிக் குழுமம் போங்க.”

வட்டம் முடிந்தது. அனுமதி கேட்டுப் போகிற கம்பெனிக்கு மட்டும் ஒற்றைச் சாளரம். ஆட்சேபணை கொண்டுபோகிறவனுக்கு ஊரில் உள்ள சாளரமெல்லாம். எல்லாச் சாளரத்திலும் ஒரு மனிதர் சாப்பிடப் போயிருக்கிறார்.

பகுதி சபை இருக்கிறதே என்று மாவு மில்காரர் ஞாபகப்படுத்தினார். பாவம், நம்பிக்கை உள்ளவர். நகரத்திலும் கிராம சபை மாதிரி ஒன்று வேண்டும் என்ற பேச்சு 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தோடு வந்தது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993-இல். மூன்று லட்சம் பேருக்கு மேற்பட்ட நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்று அரசியல் சட்டமே சொன்னது. தமிழ்நாட்டில் முதல் பகுதி சபைக் கூட்டங்கள் கூடியது 2022 நவம்பர் 1-ஆம் தேதி. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் மாநகராட்சியில் கவுன்சிலரே கிடையாது. 2011-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நகரங்களுக்கு வந்தது 2022-இல்தான். யார் ஆண்டார்கள் என்று பட்டியல் போடலாம். இரண்டு பக்கமும் அசடு வழியும். விடுங்கள்.

சபைக்குப் போனார்கள். சபையின் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள் அல்ல, நியமிக்கப்படுகிறவர்கள். நாற்காலிக்கு வெள்ளைத் துணி. போண்டா. முதல் முக்கால் மணி நேரம் வரவேற்புரை. வரவேற்றவரை வரவேற்று ஓர் உரை. தெருவிளக்கு, நாய், குப்பை வண்டி. எல்லாம் வேண்டியதுதான். டீச்சர் எழுந்தார். புதுக் கட்டடம் என்றார். மேடையில் சட்டென்று ஒரு தெய்வீக அமைதி. “அது நம்ம அதிகார வரம்புல வராது மேடம். ஆனாலும் உங்க உணர்வை மதிக்கிறோம். மினிட்ஸ்ல ஏத்திக்கிறோம்.” ஏற்றினார்கள். பிறகு வாங்கிப் பார்த்தால், ‘பொதுமக்கள் வளர்ச்சிப் பணிகள் குறித்துக் கருத்துத் தெரிவித்தனர்’ என்று இருக்கிறது. எதிர்ப்பு கருத்தாகி, கருத்து வளர்ச்சியாகி, வளர்ச்சி நன்றியுரையாகிவிட்டது.

மனு போய்ச் சேர்ந்தது. அறுநூற்றுச் சொச்சம் கையெழுத்து. பூக்காரப் பெண்ணுடையது இல்லை. இருபதாம் நாள் மாலை, நாலே முக்கால் மணிக்கு, ஓர் அலுவலகத்தில் சீல் விழுந்தது. சில மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. மூன்று வரி. தங்கள் ஆட்சேபணை பரிசீலிக்கப்பட்டது. விதிகளுக்கு உட்பட்டே முடிவெடுக்கப்படும். இப்பொருள் தொடர்பாக மேலும் கடிதப் போக்குவரத்து தேவையில்லை. யார் பரிசீலித்தார்கள், என்று பரிசீலித்தார்கள், வெள்ளத்துக்கு என்ன பதில், தண்ணீருக்கு என்ன பதில் என்று ஒரு சொல் கிடையாது. காதலியிடமிருந்துகூட இதைவிட விளக்கமாக முறிவுக் கடிதம் வரும்.

அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே மெயின் ரோட்டில் போர்டு வந்துவிட்டது. ‘ப்ரீ-லான்ச்! இயற்கையின் மடியில்! மேலே நீச்சல் குளம்!’ 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு எண் வாங்காமல் விளம்பரம் செய்யக் கூடாது. அதனால் இது விளம்பரம் இல்லையாம், ‘விருப்பம் தெரிவிக்கும் அழைப்பு’. டோக்கன் பணம் இல்லையாம், ‘விருப்பத் தொகை’. அக்கம்பக்கத்தார் கருத்தைப் பரிசீலிக்கச் சில மாதம் ஆகிறது. வாங்குகிறவர் விருப்பத்தை ஸ்வைப் மெஷின் அரை நிமிஷத்தில் பரிசீலித்துவிடுகிறது. உண்மையான கருத்துக் கேட்பு அங்கேதான் நடக்கிறது.

இதெல்லாம் காகிதத்தோடு முடிந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று பதினோரு மாடி விழுந்தது. 61 பேர் செத்தார்கள். பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளர்கள். போரூர் ஏரிக்குப் பக்கத்து இடம். அனுமதி இருந்தது. பெயரும் முகப்பும் பிரோஷரும் இருந்தன. இல்லாதது மண்ணில் பிடிமானம். மிச்சமிருந்த இன்னொரு கட்டடத்தை இரண்டு வருஷம் கழித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. அந்த ஒரு நாள் மட்டும் காவல்துறை வீடு வீடாகப் போய் அக்கம்பக்கத்தாரிடம் பேசியது, வெளியே போங்கள் என்று.

2015 டிசம்பரில் நகரம் மூழ்கியது. மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று தணிக்கை அதிகாரியே எழுதிவிட்டார். எந்த மனிதர்கள் என்று கேட்டு ஒருவர் சட்டையையும் பிடிக்கவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியது, 1,247 ஹெக்டேர். உலகத்துக்கே சொன்னோம், பெருமைப்பட்டோம், கேக் வெட்டாத குறை. அந்த எல்லைக்கோடு தரையில் எந்த வீட்டின் வாசல் வழியாகப் போகிறது என்று அளந்து முடிக்க மட்டும் நேரம் வரவில்லை. 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, ஆய்வு முடியும்வரை அந்தப் பகுதியிலும் ஒரு கிலோமீட்டர் சுற்றளவிலும் புது அனுமதி கூடாது என்றது. அக்டோபர் கடைசியில், பெரும்பாக்கத்தில் ஆயிரத்துச் சொச்சம் வீடுகளுக்கான ஒரு திட்டத்துக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. வாழ்நாள் சேமிப்பில் அரை கிரவுண்டு வாங்கி ஒரு மாடி எழுப்ப நினைத்தவரும் அதே கிலோமீட்டருக்குள் மாட்டிக்கொண்டார். டேப்பைப் பிடித்து அளக்க வேண்டியவர்கள் அளக்காததற்கு, வட்டி கட்டுகிறவர் அவர்.

முதலில் கேட்டிருந்தால் என்ன செலவாகியிருக்கும்? ஒரு மேசை. மூன்று நாற்காலி.

கட்டியபிறகு கேட்பது நம் வழக்கம். அதற்குத்தான் வரன்முறை என்று பெயர். 1990-களின் கடைசியில் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் செருகினார்கள். விதிமீறிக் கட்டியதைப் பணம் கட்டிச் சரியாக்கிக்கொள்ளலாம். இந்த ஒரு முறைதான் என்றார்கள். பிறகு 113-சி. 2017-இல் அங்கீகாரமில்லாத மனைகளுக்குத் தனித் திட்டம். கடைசித் தேதி, கடைசிக்கும் கடைசித் தேதி, பொதுமக்கள் நலன் கருதி மேலும் நீட்டிப்பு. விதியை மீறியவனுக்கு வருஷக்கணக்கில் நீட்டிப்பு உண்டு. விதியைக் கேட்டவனுக்கு 22-ஆம் நாள் கிடையாது.

புதுச் சட்டம் வேண்டாம் ஐயா. இருக்கிற காலி மனையின் முன்னால் ஒரு போர்டு வையுங்கள். பத்தடிக்கு ஆறடி. தமிழில். படம் போட்டு. எத்தனை மாடி, எத்தனை வீடு, தண்ணீர் எங்கிருந்து, கழிவு எங்கே, ஆட்சேபணையை எந்த அறையில், எந்தத் தேதிக்குள், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். வந்த ஆட்சேபணைக்கு வரிக்கு வரி பதில் எழுதி அதே போர்டில் ஒட்டுங்கள். தலைவர் பிறந்தநாளுக்கு ஒரே ராத்திரியில் ஊரை ஃபிளெக்ஸால் மூடத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வேலையா? வாடகைக்காரனும் பூக்காரியும் கையெழுத்துப் போடட்டும். வெள்ளம் பட்டா பார்த்து வருவதில்லை. பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைக்கப்போகிறவர்களை, லாரி வருவதற்கு முன் அவர்கள் வாசலில் உட்கார்ந்து கேளுங்கள். தன்னார்வலர்களே, அந்த மேசையைக் கொஞ்சம் காம்பவுண்டுக்கு வெளியே நகர்த்துங்கள். சங்கத்தின் முந்நூறு கையெழுத்துப் போனால் போகட்டும். வெளியே மூவாயிரம் இருக்கிறது.

உங்களுக்கு ஒரு வார்த்தை, வாசகரே. 2022-இல் ஜெயித்த கவுன்சிலர்களுக்கு ஐந்து வருஷம்தான் ஆயுள். மறுபடி கும்பிட்டுக்கொண்டு வருவார்கள். மாலையைக் கையில் கொடுப்பார்கள், அவர்களுக்கே போடச் சொல்வார்கள். அப்போது உங்கள் வார்டில் உள்ள ஏதாவது ஒரு புல எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள். இந்த இடம் எங்கே இருக்கிறது, அங்கே என்ன வரப்போகிறது என்று கேளுங்கள். தெரியாது என்றால், 21 நாள் கழித்து வரச் சொல்லுங்கள்.